தைமாதத் தலைவலி ஐப்பசிக்கு மாறிய கதை

யாங்கூனில் உளுந்தும் துவரையும் விற்கும் ஒரு பருப்பு மண்டியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கணக்கு எழுதி வருகிறேன். மண்டிப் பேரேட்டைப் போலவே நீளமான ஒரு புத்தகம் என் வீட்டிலும் இருக்கிறது. அதில் வரவும் இல்லை, பற்றும் இல்லை. தேதி, தொடங்கிய நேரம், அடங்கிய நேரம், எந்தக் கண், கண்ணீர் வந்ததா, என்ன மருந்து என்று ஆறு பத்திகள் கோடிட்டு, 2003 முதல் என் தலைவலியை அதில் பதிந்து வைத்திருக்கிறேன். நோயின் பெயர்கூடத் தெரியாத காலத்தில், தொழில் பழக்கத்தால் தொடங்கிய வேலை அது. சென்ற வாரம் மருத்துவரிடம் காட்டுவதற்காக முதல் பக்கத்திலிருந்து புரட்டிப் பார்த்தேன். முதல் பக்கத்தில் எழுதியிருப்பதும் கடைசிப் பக்கத்தில் எழுதியிருப்பதும் ஒரே நோய்தான் என்று சொன்னால், அறியாதவர் நம்பமாட்டார்.

எனக்கு இருப்பது கொத்துத் தலைவலி. ஒற்றைத் தலைவலி என்று நாம் சொல்லும் மைக்ரேன் வேறு, இது வேறு. மைக்ரேன் வந்தவர் இருட்டறையில் அசையாமல் படுத்துக் கிடக்க விரும்புவார். கொத்துத் தலைவலி வந்தவரால் ஓரிடத்தில் உட்காரவும் முடியாது. 2003 தைமாதத்தில், எனக்கு இருபத்தேழு வயதாக இருந்தபோது, நள்ளிரவு கடந்து ஒன்றே முக்கால் மணிக்கு வலக்கண்ணுக்குப் பின்னால் யாரோ கடப்பாரையை விட்டு நெம்புவதைப் போன்ற வலியோடு விழித்தேன். கொசுவலையை விலக்கிக்கொண்டு எழுந்து, தாழ்வாரத்தில் எட்டடி போவதும் எட்டடி திரும்புவதுமாக நடந்து, ஜன்னலின் இரும்புக் கம்பியில் நெற்றியை அழுத்திக்கொண்டு நின்றேன். வலக்கண் சிவந்து நீர் கொட்டியது. வலது மூக்கு மட்டும் அடைத்துக்கொண்டது. இமை பாதி இறங்கிவிட்டது. அம்மா, இங்குள்ளவர்கள் முகத்தில் பூசும் மரப்பட்டையான தனக்காவைக் கல்லில் உரைத்துக்கொண்டு வந்து நெற்றியில் பூசினார். நாற்பது நிமிடத்தில் வலி அடங்கியது. அது தனக்காவினால் என்றே இருவரும் நம்பினோம். மருந்து எதுவும் இல்லாவிட்டாலும் ஒரு தாக்குதல் பதினைந்து நிமிடத்திலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் தானாகவே நின்றுவிடும் என்பது அன்று எங்களுக்குத் தெரியாது.

கொத்து என்ற பெயர், தாக்குதல்கள் சில வாரங்கள் அடுத்தடுத்து வந்துவிட்டுப் பல மாதங்கள் காணாமற்போவதால் ஏற்பட்டது. கொத்து நடக்கும் காலத்தில் இரண்டு நாளைக்கு ஒன்று முதல் ஒரே நாளில் எட்டு வரை தாக்குதல்கள் வரலாம். ஆயிரம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு இந்த நோய் இருக்கிறது, ஆண்களிடம் அதிகம். குறித்த நேரத்துக்கு வந்து நிற்கும் கடிகார குணம் இதற்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு தடயம் 1998-இல் லண்டனில் கிடைத்தது. தாக்குதல் நடக்கும்போதே மூளையைப் படமெடுத்து ஆராய்ந்தவர்கள், மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸின் பின்பகுதி விழித்தெழுவதைக் கண்டார்கள். உறக்கத்தையும் விழிப்பையும் பகலிரவுக்கு ஏற்ப ஒழுங்குபடுத்தும் உடற்கடிகாரம் இருப்பதும் அந்த ஹைப்போதலாமஸில்தான்.

என் பேரேட்டின் முதல் ஒன்பது ஆண்டுகளைப் பார்த்தால், இது நோயா பஞ்சாங்கமா என்று கேட்கத் தோன்றும். பொங்கல் முடிந்த பத்து நாளுக்குள் தொடங்கும். பங்குனி உத்திரத்துக்கு முன்பே முடிந்துவிடும். நேரம் எப்போதும் ஒன்றே முக்காலை ஒட்டியே இருக்கும். 2008-இல் கொத்து நடந்துகொண்டிருந்தபோதே சென்னைக்குச் சென்றேன். யாங்கூன் நேரம் இந்திய நேரத்தைவிட ஒரு மணி முந்தியது. சென்னையில் முதல் இரண்டு இரவுகளும் வலி பன்னிரண்டே முக்காலுக்கே வந்தது. மூன்றாம் இரவில் அது இந்திய நேரத்துக்குப் பழகிவிட்டது. அங்கே ஒரு நரம்பியல் மருத்துவர் பேரேட்டின் நான்கு பக்கங்களைப் படித்துவிட்டு, என்னைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே நோயின் பெயரைச் சொன்னார். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன் வேறொரு மருத்துவர் இதைப் பல்வலி என்று முடிவு செய்து, பழுதில்லாத ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்தார். அந்த இடத்தை இன்றும் நாக்கு தடவிப் பார்க்கிறது.

2012-இலும் 2013-இலும் தை வந்தது, வலி வரவில்லை. நோய் போய்விட்டது என்று எண்ணி, 2013 திஞ்ஞான் தண்ணீர்த் திருவிழாவில் நண்பர்களோடு பீர்கூடக் குடித்தேன், ஒன்றும் ஆகவில்லை. அதுதான் என்னை ஏமாற்றியது. கொத்து நடக்கும் வாரங்களில் ஒரு கிளாஸ் மது உள்ளே போனால் ஒரு மணி நேரத்துக்குள் தாக்குதலை இழுத்துவிடும். கொத்து இல்லாத மாதங்களில் அதே மது எதுவும் செய்யாது. ஆகவே மது ஒத்துக்கொண்டதால் நோய் விலகிவிட்டது என்று கொள்ள முடியாது. 2014 ஐப்பசியில், தீபாவளி கழிந்த மூன்றாம் நாள், மண்டியில் எடைச்சீட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது பிற்பகல் மூன்று மணிக்கு அது திரும்பி வந்தது.

மாறியது பருவம் மட்டுமல்ல. நாற்பது நிமிட வலி ஒன்றரை மணி நேரமாக நீண்டது, ஆனால் உச்சம் சற்றுத் தணிந்திருந்தது. கண்ணீர் பல நாள் வரவேயில்லை. மூக்கடைப்பு மட்டும் இருந்தது. முன்பு ஒரு தாக்குதல் நின்றால் விளக்கை அணைத்ததைப் போல நிற்கும். இப்போதோ அடுத்த தாக்குதல் வரை புருவத்தின்மேல் ஒரு மந்தமான கனம் தங்கிவிட்டது. கண்ணீரையே அடையாளமாகக் கொண்டிருந்த நான், கண்ணீர் இல்லாத வலியைச் சைனஸ் என்று நினைத்து மூன்று வாரங்களை வீணாக்கினேன். ஒரே நோயாளிக்கே ஒரு தாக்குதலில் இருக்கும் அறிகுறி அடுத்ததில் இல்லாமற்போவதும், ஒவ்வொரு கொத்தும் மெதுவாகத் தொடங்கி நடுவில் உக்கிரமடைந்து பிறகு தேய்வதும் வழக்கமானவை என்று மருத்துவர் பின்னர் விளக்கினார்.

2018-இல் வலி இடப்பக்கத்துக்கு மாறியது. இதைவிட நான் பயந்த மாற்றம் வேறில்லை. பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாள் முழுதும் ஒரே பக்கத்தில்தான் வரும். சிறுபான்மையினருக்கு ஒரு கொத்திலிருந்து மற்றொரு கொத்துக்குப் பக்கம் மாறுவதுண்டு. இருந்தாலும், பழகிய வடிவம் திடீரென்று மாறும்போது அதை நோயின் போக்கு என்று நாமே தீர்மானித்துவிடக் கூடாது. பிட்யூட்டரி சுரப்பிக் கட்டி போன்றவையும் கொத்துத் தலைவலியின் வேடத்தில் வரக்கூடும் என்பதால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள். குறையொன்றும் இல்லை. அடுத்த கொத்து, எதுவும் நடக்காததைப் போல, வலப்பக்கத்துக்கே திரும்பிவிட்டது.

2021 ஜூலையில், அதுவரை ஒருமுறையும் வராத மழைக்காலத்தில், கொத்து தொடங்கியது. தாக்குதலின் தொடக்கத்திலேயே தூய ஆக்சிஜனை நிமிடத்துக்கு 12 லிட்டர் வீதம், பை பொருத்திய முகமூடி வழியாகப் பதினைந்து நிமிடம் சுவாசிப்பது இந்நோய்க்கு நல்ல மருந்து. எனக்குப் பத்தில் ஏழு முறை கேட்கும். 10 லிட்டர் சிலிண்டரை 150 பார் அழுத்தத்தில் நிரப்பினால் 1,500 லிட்டர். ஒரு தாக்குதலுக்கு 180 லிட்டர் என்றால் எட்டு தாக்குதல்களுக்கு வரும். அந்த ஜூலையில் யாங்கூன் முழுதும் கொரோனா நோயாளிகளின் உறவினர்கள் காலிச் சிலிண்டரைச் சுமந்துகொண்டு ஆக்சிஜன் நிரப்பும் இடங்களின் வாசலில் வரிசையில் நின்றார்கள். என் சிலிண்டரில் பாதிக்கு மேல் இருந்தது. எதிர்வீட்டு அக்காவின் கணவருக்கு மூச்சுத் திணறியபோது அதைக் கொடுத்துவிட்டேன். மின்சாரத்தில் ஓடும் ஆக்சிஜன் இயந்திரம் எனக்குப் பயன்படாது. வீட்டு உபயோகத்துக்குக் கிடைப்பவை பெரும்பாலும் நிமிடத்துக்கு 5 லிட்டரோ 10 லிட்டரோதான் கொடுக்கும், அதுவும் மின்சாரம் இருந்தால். வந்த தாக்குதலை நிறுத்தும் சுமாட்ரிப்டான் ஊசிகள் கையிருப்பில் நான்கு இருந்தன. அவற்றைத் தாங்க முடியாத இரவுகளுக்கென்று ஒதுக்கிவிட்டு, மற்ற இரவுகளில் அதே எட்டடியை நடந்தேன்.

அந்தக் கொத்து முடியவில்லை. ஓராண்டுக்கு மேலாக, மூன்று மாத இடைவெளிகூட இல்லாமல் தாக்குதல்கள் தொடர்ந்தால் அதை நாட்பட்ட வகை என்பார்கள். நோயாளிகளில் பத்து முதல் பதினைந்து விழுக்காட்டினர் அவ்வகையினர். 2022 ஆகஸ்டில் நானும் அவர்களில் ஒருவனானேன். ஆக்சிஜன் கிடைக்காததால்தான் இப்படி முற்றிவிட்டது என்று மனைவி வருந்தினாள். அது சரியல்ல, ஆக்சிஜன் வந்த தாக்குதலை நிறுத்துமே ஒழிய, கொத்தைக் குறைக்காது. கொத்தைக் கட்டுப்படுத்துவதற்கு எனக்கு வெராப்பமில் என்ற மருந்தைத் தொடங்கினார்கள். அது இதயத்தின் மின்னோட்டத்தைத் தாமதப்படுத்தக்கூடியது என்பதால், அளவைக் கூட்டும் ஒவ்வொரு முறையும் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தே கூட்டினார்கள். 2023 நடுப்பகுதியில் தாக்குதல்கள் நின்றன. நாட்பட்ட வகை மீண்டும் இடைவெளியுள்ள வகைக்குத் திரும்புவதும் உண்டு என்று மருத்துவர் முன்பு சொன்னபோது, ஆறுதலுக்காகச் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன்.

இப்போது எனக்கு நாற்பத்தொன்பது வயது. சென்ற ஆண்டு கொத்து இரண்டரை வாரத்தில் முடிந்தது, வலியும் இளைத்துப்போயிருந்தது. ஆனால் முன்பெல்லாம் வலி நின்றதும் மேலேறிவிடும் வல இமை, இப்போது நல்ல நாட்களிலும் சற்று இறங்கியே இருக்கிறது. 2009-இல் எடுத்த கடவுச்சீட்டுப் படத்தையும் இந்த ஆண்டுப் படத்தையும் மகள் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “அப்பா, இதில் ஒரு கண்ணுக்குத் தூக்கம் வருகிறது” என்றாள். இமையைத் தூக்கிப் பிடிக்க உதவும் அனுதாப நரம்பு (சிம்பதெட்டிக்) இழைகள் அடிக்கடி தாக்கப்பட்டால் சிலருக்கு முழுதாக மீள்வதில்லையாம். நாற்பதைக் கடந்தவன் என்பதால், சுமாட்ரிப்டான் ஊசியை மறுபடியும் எழுதித் தருவதற்குமுன் இதய இரத்தக் குழாய்களைப் பரிசோதிக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். வியாழக்கிழமை ஈ.சி.ஜி.; பேரேட்டையும் எடுத்துப் போகிறேன். ஏழாவதாக ஒரு பத்திக்குக் கோடு போட்டு, தலைப்பில் “இமை” என்று எழுதியிருக்கிறேன்.