படம் அவருடையது, எழுத்து என்னுடையது

மிஷனெரி ஊழியத்தில் இருக்கிறோம் என்று சொன்னால் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "எந்தத் தேசத்தில்?" என்பதுதான். பாளையங்கோட்டையில் என்று சொன்னதும் கேட்டவர் முகம் லேசாக வாடிப்போகும். பணித்தளம் நேபாளத்தில் இருக்கிறது. எங்கள் சங்கம் அனுப்பிய தமிழ்க் குடும்பம் ஒன்று அங்கே ஒரு மலைக்கிராமத்தில் தங்கி, தையலும் எழுத்தறிவும் சொல்லிக்கொடுத்து, அந்த ஊர்ச் சபையோடு சேர்ந்து ஊழியம் செய்கிறது. அவர்களைப் பற்றி இங்குள்ள சபைகளுக்குச் சொல்வதுதான் எனக்கும் என் கணவருக்கும் வேலை. பத்தொன்பது வருஷமாகிறது. அவர் படம் எடுப்பார், சபைகளில் பேசுவார். மாத இதழ் என் பொறுப்பு. பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம் என்றால் நானும் பேசுவேன்.

இதழ் சிவகாசியில் அச்சாகிக் கட்டுக்கட்டாக பஸ்ஸில் வந்து இறங்கும். ஆபீஸ் தரையில் பாய் விரித்து உட்கார்ந்து, முகவரிச் சீட்டு ஒட்டி, ஊர்வாரியாகப் பிரித்துக் கட்டி, குறித்த தேதியில் ஜங்ஷனில் உள்ள ரயில்வே தபால் ஆபீசில் (ஆர்.எம்.எஸ்.) சேர்க்க வேண்டும். தேதி தவறினால் சலுகைக் கட்டணம் கிடைக்காது. சனிக்கிழமை மத்தியானம் புரொஜக்டர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவோம். நாசரேத், சாயர்புரம், மெஞ்ஞானபுரம், வள்ளியூர் என்று ஏதாவது ஒரு பக்கம். ராத்திரி சபை ஊழியர் வீட்டில் தங்கல். காலையில் ஆலயத்தைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளை வந்து, வெளிச்சம் வராமல் ஜன்னலுக்குப் பழைய திரையைக் கட்டிக்கொடுப்பார். ஆராதனை முடிந்ததும் எங்களுக்கு இருபது நிமிஷம்.

அந்த இருபது நிமிஷத்தில் கிடைக்கிற காணிக்கை எப்படிப்பட்ட பணம் என்று தெரிந்தால்தான் நான் மேலே சொல்லப்போவது புரியும். ஒரு சேகரத்தில், அதாவது ஒரே குருவானவரின் கீழ் உள்ள சபைகளில், ஸ்தோத்திரப் பண்டிகை முடிந்து, மக்கள் படைத்த பொருள்களை ஏலம் விட்டார்கள். நேபாளத்துக்கு என்று ஒதுக்கியதில் ஒரு பூசணிக்காய். ஏலம் எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டு, காயைத் திரும்பவும் கோயிலுக்கே வைத்துவிட்டார். அடுத்தவரும் அப்படியே செய்தார். ஒரே பூசணிக்காய் நாலு தடவை ஏலம் போனது. இன்னொரு ஊரில் பெண்கள் ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது கைப்பிடி அரிசி எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைத்திருந்தார்கள். எல்லா வீட்டு அரிசியும் கலந்து, புழுங்கலும் பச்சையுமாக, ஒரு சாக்கு. அதை விற்ற பணத்தைச் சில்லறையாக என் மடியில் கொட்டினார்கள். பேருந்துக்கு நடந்து போகையில் அந்தப் பையின் கனத்தை நன்றாக உணர்ந்தேன்.

இந்தப் பக்கத்துக்கு இது புதிதல்ல. வெள்ளாளன்விளையில் பிறந்து பின்னாளில் பிஷப்பான வி.எஸ். அசரியா 1902இல் யாழ்ப்பாணம் போனபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவ மாணவர்கள் தாங்களே காசு சேர்த்துத் தமிழ்நாட்டுக் கரைக்கு ஊழியரை அனுப்புவதைப் பார்த்தார். மறு வருஷமே, 1903இல், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. தெலுங்கு பேசுகிற தோர்ணக்கல்லுக்கு அது ஆள் அனுப்பியது. அப்புறம் அசரியாவும் அவர் மனைவி அன்புவும் அங்கேயே குடிபோனார்கள். எங்களுடையது வெகு காலம் கழித்து வந்த சிறிய சங்கம். ஆனாலும் நாங்கள் போய் நிற்கிற வாசற்படிகள் அவர்கள் காலத்திலேயே திறந்தவை.

நேபாளம் பற்றிப் பேசும்போது முதலில் வரும் குழப்பம் சனிக்கிழமை. அங்கே வார விடுமுறை சனிக்கிழமை, அதனால் ஆராதனையும் அன்றைக்குத்தான். "அப்போ ஏழாம் நாள் சபையா?" என்று யாராவது ஒரு பெரியவர் எழுந்து கேட்பார். இல்லை ஐயா, ஞாயிற்றுக்கிழமை அங்கே பள்ளிக்கூடமும் ஆபீசும் உண்டு என்று விளக்குவோம். 2015 ஏப்ரல் 25க்குப் பிறகு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை. அன்று சனிக்கிழமை. அங்கே மணி 11:56, நம் கடிகாரத்தில் 11:41. பூமி அதிர்ந்தபோது நேபாளம் முழுக்கச் சபைகளில் ஆராதனை நடந்துகொண்டிருந்தது. கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய சுவர்கள் ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் மேலேயே விழுந்தன. தேசத்தில் ஏறக்குறைய ஒன்பதாயிரம் பேர் இறந்தார்கள். எங்கள் பணித்தளத்திலிருந்து போன் வர மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் நான் அந்த மாத இதழின் அச்சுப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு வரி மனதில் நிற்கவில்லை.

என் கணவர் பத்தாவது நாள் அங்கே போய், இடிபாடுகளைப் படம் எடுத்து வந்தார். அந்த வருஷம் வந்த காணிக்கை அதற்கு முந்தின பல வருஷங்களில் வந்ததைவிட அதிகம். தகரம் வாங்கினோம், கம்பளி வாங்கினோம். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தோஷம்தான். ஆனால் அதோடு ஒரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது. அழுகிற முகம் உள்ள படம் அட்டையில் வந்தால் அடுத்த மாதம் காணிக்கை ரசீதுப் புத்தகம் சீக்கிரம் தீர்ந்துவிடும். சிரிக்கிற முகம் வந்தால் தீராது. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பணித்தளத்துக்குக் கடிதம் எழுதும்போது மட்டும் "உருக்கமான படங்கள் இருந்தால் அனுப்புங்கள்" என்று ஒரு வரி சேர்க்க ஆரம்பித்தேன்.

அப்படி வந்த ஆண்டுகளில்தான் அந்தப் படத்தைப் போட்டோம். முந்தின பயணத்தில் அவர் எடுத்தது. பாதி எழும்பிய வீட்டுச் சுவருக்கு முன்னால், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு பெண். அந்த ஊரில் எல்லாரும் அவரை தீதி என்பார்கள், நேபாளியில் அக்கா. நானும் அப்படியே சொல்கிறேன். படத்துக்குக் கீழே அவர் பெயரையும் ஊர்ப் பெயரையும் போட்டேன். "பேய்களுக்குப் பயந்து பலியிட்டு வாழ்ந்த இந்தச் சகோதரி, எல்லாவற்றையும் விட்டு இயேசுவை ஏற்றுக்கொண்டார்" என்று எழுதினேன். வேகமாக எழுதிய வரி. பலியிட்டார் என்பதைக்கூட நான் அவரிடம் கேட்டதில்லை. பழைய இதழ்களில் நூறு தடவை படித்த வாக்கியம், கை தானாக எழுதிவிட்டது.

அது 2018 முடிகிற சமயம். அந்த வருஷம் ஆகஸ்டில்தான் நேபாளத்தில் புதிய தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. ஒருவரை மதம் மாற்றினால் ஐந்து வருஷம் வரை சிறை, ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம், வெளிநாட்டவர் என்றால் நாட்டைவிட்டு அனுப்பிவிடுவார்கள். எங்களுக்கு அது தெரியும். இதழ் தமிழில்தானே வருகிறது, நேபாளத்தில் யார் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்தோம். தமிழ்நாட்டில் எத்தனை ஓட்டல் அடுக்களையில், எத்தனை அபார்ட்மென்ட் வாசலில் நேபாளிகள் நிற்கிறார்கள் என்பதை நினைக்கவே இல்லை. தீதியின் கொழுந்தன் சென்னையில் ஒரு ஓட்டலில் பரோட்டா மாஸ்டருக்கு உதவியாளர். கூட வேலை பார்த்த பையனுக்கு எங்கள் இதழ் வாட்ஸாப்பில் வந்திருக்கிறது. "உங்க ஊருன்னு போட்டிருக்கே" என்று பாசமாகத்தான் காட்டியிருக்கிறான். படத்தைப் பார்த்தவர், கீழே உள்ளதைப் படித்துச் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

அப்புறம் நடந்தது எல்லாம் அங்கே. குடும்பத்தைப் பேய்க் குடும்பம் என்று வெளிநாட்டில் அச்சடித்துவிட்டாள் என்று மாமியார் வீட்டில் தீதியோடு பேச்சை நிறுத்தினார்கள். மாமனார் இறந்தபோது சொல்லி அனுப்பவில்லை. ஊர்க் குழாயில் தண்ணீர் எடுக்கப் போனால் மற்றவர்கள் குடத்தை நகர்த்திக்கொண்டார்கள். எங்கள் ஊழியக் குடும்பம், புகார் போய்விடக் கூடாதே என்று ஏழு மாதம் காத்மாண்டுவில் போய் இருந்தது. தையல் வகுப்பு நின்றுபோனது. போனில் அந்த அண்ணன் எங்களைக் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அடுத்த தடவை ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடுங்கம்மா" என்றார், அவ்வளவுதான். போனை வைத்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் ரொம்ப நேரம் பேசவில்லை. "படம் நான் எடுத்தது" என்றார் அவர். "எழுதினது நான்" என்றேன்.

அந்த நாட்களில் அவர் நிறையப் படித்தார். எங்களைப் போலவே, வெளிதேச ஊழியத்தைச் சொந்த ஊரில் சொல்லித் திரிந்த தம்பதிகளைத் தேடிப் படித்தார். அதில் ஒன்றை நான் மறக்க முடியாது. ஜான் ஹாரிஸ், ஆலிஸ் ஹாரிஸ் என்ற இங்கிலாந்துத் தம்பதி, 1898இல் கல்யாணம் முடிந்த கையோடு காங்கோவுக்குப் போன மிஷனெரிகள். பெல்ஜிய ராஜா லியோபோல்டின் ஆட்சியில் ரப்பர் பால் குறைந்தால் கையை வெட்டிய காலம். 1904 மே மாதம் நசாலா என்ற தகப்பன், கொல்லப்பட்ட தன் ஐந்து வயது மகளின் வெட்டுண்ட கையையும் பாதத்தையும் இலையில் பொதிந்து எடுத்துக்கொண்டு அவர்கள் இருந்த பரிங்காவுக்கு வந்தார். ஆலிஸ் அவரைத் திண்ணையில் உட்காரவைத்துப் படம் எடுத்தார். அதையும் மற்றப் படங்களையும், மாயவிளக்கு என்ற அந்தக் காலத்துப் புரொஜக்டரில் காட்டுகிற கண்ணாடிச் சில்லுகளாக்கி, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் தம்பதியாகக் கூட்டம் கூட்டமாகக் காட்டினார்கள். 1908இல் காங்கோ லியோபோல்டின் கையைவிட்டுப் போனதில் அந்தக் கூட்டங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்தப் படத்தை என் கணவர் காட்டியபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்புறம் அவர் சொன்னதுதான் எனக்குள் இறங்கியது. "நசாலா முறையிட வந்தவர். பொதியை அவரே தூக்கிக்கொண்டு வந்தார். தீதி நம்மிடம் எதையாவது தூக்கிக்கொண்டு வந்தாரா?" இல்லை. எங்களுக்கு டீ போட்டுக்கொடுத்தார், இடிந்த வீட்டைப் பற்றிப் பேசும்போது கண் கலங்கினார். நாங்கள்தான் அந்தக் கலக்கத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

2019இல் இரண்டு பேரும் கிளம்பினோம். சென்னையிலிருந்து கோரக்பூர், அங்கிருந்து சுனௌலி எல்லை, அப்புறம் ஜீப்பும் நடையும். மாவட்டத்தின் பெயரை எழுதவில்லை. காரணம் சொல்ல வேண்டியதில்லை. தீதி எங்களை உட்காரச் சொல்லி, மக்காச்சோளம் வறுத்துக் கொடுத்தார். எங்கள் ஊழிய அக்கா மொழிபெயர்க்க, நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதில் நிற்கவில்லை. "அங்கே எங்களைப் பற்றி என்னதான் சொல்கிறீர்கள்?" என்று கேட்டார். வறுமை, மலை, இருட்டு, நிலநடுக்கம் என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். சொல்லச் சொல்ல எனக்கே குரல் இறங்கியது. அவர் அடுப்பு விறகைத் தள்ளிவிட்டுக் கேட்டார்: "என் மகள் பன்னிரண்டாவது பாஸ் பண்ணினதைச் சொன்னீர்களா? பூகம்பத்துக்கு அப்புறம் எங்கள் சபைப் பெண்கள் அடுத்த மலை ஊருக்கு, சபையே இல்லாத ஊருக்கு, தகரம் சுமந்தோமே, அதைச் சொன்னீர்களா?"

சொல்லவில்லை. எங்கள் இதழில் அவர்கள் எப்போதும் வாங்குகிறவர்களாகவே இருந்தார்கள்.

திரும்பும்போது அந்தத் தகரம் சுமந்த கூடையையே தீதி கொடுத்தார். டோக்கோ என்பார்கள். மூங்கில் பிளாச்சில் பின்னியது, அடி குறுகி வாய் அகன்றது. நாம்லோ என்ற அகலப் பட்டையை நெற்றியில் மாட்டி, பாரத்தை முதுகில் தாங்குவார்கள். ரயிலில் அது மேல் பெர்த்தில் என் கணவர் காலடியில் வந்தது.

அதற்குப் பிறகு முகம் தெரிகிற படம் போடுவதில்லை. போட வேண்டியிருந்தால் அவர்கள் மொழியில் வாசித்துக் காட்டி, சம்மதம் வாங்கி, அதையும் சட்டத்தை நினைத்துப் பார்த்துத்தான். "இருண்ட தேசம்" என்ற சொல்லை எடுத்துவிட்டேன். 1949இல் பறவைகளைத் தேடி நேபாளம் போன ராபர்ட் ஃபிளெமிங்கையும், பிறகு கூடவே போன அவர் மனைவி டாக்டர் பெத்தல் தான்சேன் என்ற மலையூரில் வைத்தியம் பார்த்ததையும், அந்த ஊர் மக்கள் ஆஸ்பத்திரி வேண்டும் என்று கேட்டு 1954இல் ஐக்கிய மிஷன் வந்ததையும் எழுதினேன். பொக்காராவில் முதல் சபையைத் தொடங்கியவர்கள் இந்தியாவிலிருந்து போன நேபாளிகளே என்றும் எழுதினேன். காணிக்கை குறைந்ததும் உண்மை. கமிட்டியில் கேட்டார்கள். கணக்கைக் காட்டி, நடந்ததையும் சொன்னோம். சிலருக்கு இன்னும் மனத்தாங்கல் இருக்கிறது. அதை மாற்ற எனக்குத் தெரியவில்லை, ஆனால் பழையபடி எழுத என்னால் முடியாது.

இப்போது கூட்டத்தில் டோக்கோவைத்தான் காட்டுகிறோம். என் கணவர் அதில் நாலு செங்கல் போட்டு, பட்டையை நெற்றியில் மாட்டி, ஆலயத்தின் நடுவில் நடந்து காட்டுவார். சாயர்புரம் பக்கம் ஒரு ஊரில் முன்வரிசையில் இருந்த பாட்டி எழுந்து வந்து பட்டையைத் தடவிப் பார்த்தார். வியர்வை பட்டுக் கறுத்திருந்த இடம்.

"இதச் சொமந்த பிள்ள பேரு என்னம்மா?"

"பேரு சொல்லக் கூடாது பாட்டி. அவங்களுக்குச் சங்கடம் வரும்."

"பேரு இல்லாம எப்படி ஜெபிக்கது?" என்று கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி, கூடைக்காரின்னு சொல்லிக்கிடுதேன். கர்த்தருக்குத் தெரியும்லா."

அந்தப் பாட்டி மாதம் ஒரு தடவை பேரனை விட்டு ஆபீசுக்குப் போன் போடச் சொல்வார். எடுத்ததும் கேட்பது இதைத்தான்: "கூடைக்காரி நல்லாருக்காளா?" போன மாதம் சொன்னேன், மகள் நர்சிங் சேர்ந்திருக்கிறாள் பாட்டி, மாமியாரும் இப்போது பேசுகிறார்களாம் என்று. பாட்டி போனைப் பேரனிடம் கொடுக்காமலே, அங்கிருந்தே ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார். முகவரிச் சீட்டும் பசையுமாக உட்கார்ந்திருந்த என் கணவர் கையை நிறுத்திக்கொண்டு கண்ணை மூடினார். நான் போனை ஸ்பீக்கரில் போட்டேன்.