ஐரீனை வளர்த்த தாத்தா

மேரி கியூரியின் இரண்டு நோபல் பரிசுகள் எல்லோருக்கும் தெரியும். அவருடைய மாமனார் யூஜின் கியூரியை மட்டும் ஏன் யாரும் பேசுவதில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

மருத்துவரான அவர், 1897இல் பேத்தி ஐரீன் பிறந்த சில நாட்களில் மனைவியை இழந்தார். மகன் வீட்டுக்கே வந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டார். அதனால்தான் மேரியால் ரேடியத்தோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்ட முடிந்தது. 1906இல் மகன் பியர் குதிரை வண்டியில் அடிபட்டு இறந்த பிறகும் மருமகளைவிட்டு அவர் போகவில்லை; 1910இல் தாம் இறக்கும்வரை உடனிருந்தார். எந்த மாமனார் செய்வார்! ஐரீனின் அரசியல் பார்வையும் மத நம்பிக்கையற்ற துணிவும் அவரிடமிருந்து வந்தவைதான்.

பிள்ளைகளை நாள் முழுதும் வகுப்பறையில் அடைப்பது மேரிக்குப் பிடிக்கவில்லை. பேராசிரிய நண்பர்கள் சேர்ந்து தங்கள் பிள்ளைகளுக்குத் தாங்களே பாடம் நடத்தினார்கள். போல் லான்ஜெவன் கணிதம், ழான் பெரன் வேதியியல், மேரி இயற்பியல். அங்கே படித்த ஐரீன், 1935இல் கணவர் ஃபிரெடெரிக்கோடு வேதியியல் நோபல் பெற்றார்.

தங்கை ஏவ் அறிவியல் பக்கமே வரவில்லை. இசையையும் எழுத்தையும் தேர்ந்தெடுத்தார், மேரி வற்புறுத்தவில்லை. நான் மேரியை மிகவும் மதிப்பது இதற்காகத்தான்.