தொழில்: சும்மா இருக்கிறார்

1991-ஆம் ஆண்டு, குடியாத்தத்தில் நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்த முதல் வாரத்தில், ஆசிரியர் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு மாணவனிடமும் பெற்றோரின் தொழிலைக் கேட்டு எழுதிக்கொண்டார். என் முறை வந்தபோது நான் தயங்காமல் சொன்னேன்: "நைனா நெசவு சார். அம்மா சும்மாதான் இருக்காங்க."

அன்று காலை நான் கண்விழித்தபோது அம்மா ராட்டையின் முன் உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தாள். தார் என்பது நெசவுக்கான நூலைச் சுற்றி வைக்கும் சிறு குழல். குழித்தறியில் கைலி நெய்த என் தந்தைக்கு குறுக்கே ஓடும் ஊடை நூல் தாரில் ஏறி வந்தால்தான், அதைச் சுமந்து போகும் நாடா ஓடும்; தார் தீர்ந்துவிட்டால் தறி நின்றுவிடும். எங்கள் தெருவில் தறிச் சத்தம் நின்ற வீட்டைப் பார்த்து, "இன்னா, தார் இல்லையா?" என்றுதான் கேட்பார்கள். அதாவது அந்த வீட்டுப் பெண் எங்கே போனாள் என்பதே கேள்வி. தார் சுற்றி, சோறு வடித்து, எங்களைப் பள்ளிக்கு அனுப்பிய பிறகு அவள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்ற உட்காருவாள். சில வருடங்கள் அதற்கு முன்பு தீப்பெட்டியும் ஒட்டியிருக்கிறாள். இவ்வளவையும் கண்ணால் பார்த்து வளர்ந்த பையன்தான் 'சும்மா' என்றான். பொய் சொல்கிறோம் என்ற எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. எங்கள் வீட்டில் எல்லோரும், அம்மா உட்பட, அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

பிறகு கல்லூரியில் சமூகவியல் படித்தபோது, மரியா மீஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் ஆந்திராவின் நரசாபுரத்தில் லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி எழுதி, 1982-இல் வெளியான ஆய்வைப் பற்றி அறிந்தேன். அந்தப் பெண்கள் பின்னிய லேஸ் வெளிநாட்டுச் சந்தைக்குப் போனது. வியாபாரம் ஆண்களின் கையில் இருந்தது. பின்னியவர்களோ ஓய்வு நேரத்தில் ஏதோ செய்யும் இல்லத்தரசிகளாகவே கருதப்பட்டார்கள். இல்லத்தரசி என்று ஒருத்தியைச் சொல்லிவிட்டால் அவளுக்குக் குறைந்த கூலி கொடுப்பது எளிதாகிவிடுகிறது என்பது மீஸின் வாதம். வகுப்பில் மற்றவர்கள் அதை ஒரு கோட்பாடாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது எனக்கு எங்கள் வீட்டுத் திண்ணையும் அந்த முறமும்தான் கண்முன் நின்றன.

பீடித் தொழிலில் சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாகவே இருந்தது. 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் இருந்தபடி சுற்றுபவரையும் தொழிலாளர் என்றே ஏற்றுக்கொண்டது. ஆனால் சட்டம் வீட்டு வாசலுக்கு வந்து சேர, சுற்றுபவரின் பெயரும் பீடிக் கணக்கும் ஏறும் பாஸ் புத்தகம் என்ற ஒன்று கையில் இருக்க வேண்டியிருந்தது. அம்மா சுற்றிய பீடிகளோ பக்கத்து வீட்டுக்காரர் பெயரில் இருந்த புத்தகத்தில் ஏறின. இலையும் தூளும் அவர் வழியாக வந்தன. சுற்றிய கட்டுகள் அவர் வழியாகப் போயின. இருபத்தைந்து பீடி ஒரு கட்டு, நாற்பது கட்டு ஆயிரம், கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு. சரியில்லை என்று ஏஜென்ட் கழித்துப் போட்ட பீடிக்குக் காசு கிடையாது. ஆனால் கழித்ததைத் திருப்பிக் கொடுத்ததும் கிடையாது. அதைக் கேட்க அம்மாவுக்கு என்ன உரிமை? புத்தகத்தில் அவள் பெயரே இல்லையே. பல ஆண்டுகள் சுற்றியும் வருங்கால வைப்பு நிதி என்று ஒரு ரூபாய் அவள் பெயரில் சேரவில்லை.

கணக்கெடுப்புகளிலும் இதே கதைதான். தேசிய மாதிரி ஆய்வின் வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பில் 92, 93 என்று இரண்டு குறியீட்டு எண்கள் உண்டு. வீட்டு வேலையை மட்டும் பார்ப்பவர் 92. வீட்டு வேலையோடு விறகு பொறுக்குவது, வீட்டுத் தேவைக்காகத் தைப்பது, நெய்வது போன்றவற்றையும் செய்பவர் 93. இந்த இரண்டு எண்களில் எதற்குள் அடைபட்டாலும் அவர் உழைப்பாளர் கணக்குக்கு வெளியே நிற்பார். கூலிக்குப் பீடி சுற்றும் என் அம்மா முறைப்படி இதில் எதிலும் விழக்கூடாது. ஆனால் கணக்கெடுக்க வருபவர் வாசலில் நின்று கேட்கும்போது பதில் சொல்வது பெரும்பாலும் வீட்டு ஆண். அவர் 'சும்மா' என்று சொன்னால் கேட்டவர் வேறு எதை எழுதுவார்? இந்தக் குற்றச்சாட்டில் பதினொரு வயதில் நானே முதல் சாட்சி. கைத்தறிக் கணக்கெடுப்பு இதில் ஓரளவு நியாயமாக நடந்துகொள்கிறது. 2019-20-இல் எடுக்கப்பட்ட நான்காவது கணக்கெடுப்பு நாட்டில் 35.22 லட்சம் கைத்தறித் தொழிலாளர்கள் இருப்பதாகச் சொல்லி, அதில் 8.48 லட்சம் பேரை நெசவாளர் அல்லாத துணைத் தொழிலாளர் என்று தனியே எண்ணியது. தார் சுற்றுபவர் அந்த இரண்டாவது வரிசையில் வருவார். துணை என்றாலும் தொழிலாளர் என்கிறார்களே, அதுவரை நல்லது.

ஒரு சம்பவத்தை இங்கே சொல்ல வேண்டும். ஒருமுறை அம்மாவுக்கு மஞ்சள் காமாலை வந்து மூன்று வாரம் படுத்துவிட்டாள். சேலையைப் போல் கைலியிலும் பாவு, அதாவது நெடுக்கு நூல், தறியில் ஏறிவிட்டால் பாதியில் நிறுத்தி வைப்பது நஷ்டம். தார் சுற்ற ஆள் இல்லை. என் தந்தை என்ன செய்தார் என்றால், இரவு சாப்பிட்டு முடித்ததும் தெருக்கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு, விளக்கைச் சற்று உள்ளே தள்ளி வைத்து, ராட்டையின் முன் உட்கார்ந்து தானே தார் சுற்றினார். எவ்வளவு வேகமாகச் சுற்றினார் என்று பார்த்து நான் திகைத்துப்போனேன். சிறுவயதில் தன் தாய்க்கு உதவியாகப் பழகிய கை அது. யாரோ கதவைத் தட்டியபோது சட்டென்று எழுந்து தறிக்குழியில் கால்களை இறக்கி உட்கார்ந்துகொண்டார். பகல் முழுக்க நெய்து களைத்தவர், இரவில் நெய்வதுபோல் உட்கார்ந்திருந்த காட்சி எனக்கு இன்றும் மறக்கவில்லை. ஆண் என்பதும் பெண் என்பதும் பிறப்போடு முடிந்துவிடும் விஷயமாக இல்லாமல், மற்றவர் பார்வைக்கு முன் அன்றாடம் செய்துகாட்ட வேண்டியிருக்கிறது என்று வெஸ்ட், சிம்மர்மன் என்ற இரு சமூகவியலாளர்கள் 1987-இல் எழுதினார்கள். என் தந்தைக்கு அது கதவு தட்டும் சத்தத்திலேயே தெரிந்திருந்தது.

இப்போது எங்கள் வீட்டில் தறி இல்லை. தம்பியின் மனைவி ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனியில், ஷூவின் மேல்பகுதியான அப்பர் தைக்கும் பிரிவில் இருக்கிறாள். காலையில் கம்பெனி வேன் தெருமுனைக்கு வருமுன் கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொள்வாள். இ.எஸ்.ஐ. எண், பி.எஃப். எண் எல்லாம் அவள் பெயரிலேயே இருக்கின்றன. அவளைப் பற்றி யாரும் 'சும்மா இருக்கிறாள்' என்று சொல்வதில்லை. வேலை வீட்டுப் படியைத் தாண்டியதும் அதற்குப் பெயர் கிடைத்துவிட்டது. ஆனால் வேன் வருமுன் இட்லி ஊற்றுவதும், திரும்பி வந்து பாத்திரம் துலக்குவதும் பெயரில்லாத பழைய கணக்கிலேயே நிற்கின்றன. 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டார்கள். அந்த 97-ஐப் பார்த்து ஆண்கள் நிம்மதி அடைய வேண்டாம். அது வீட்டு வேலையில் கை வைத்தவர்களின் சராசரி மட்டுமே, கை வைத்தவர்களோ நூற்றுக்கு 26 பேர்தான். என் தம்பி அந்த 26-இல் வருவானா என்று கேட்டால், ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கி வருவதை அவன் சேர்த்துக்கொள்ளச் சொல்லுவான்.

எங்கள் ரேஷன் கார்டின் முகவரியில் மாவட்டத்தின் பெயர் வட ஆற்காடு, வட ஆற்காடு அம்பேத்கர், வேலூர் என்று என் காலத்திலேயே மாறியிருக்கிறது. குடும்பத் தலைவர் என்ற இடத்தில் மட்டும் என் தந்தையின் பெயரே தொடர்ந்தது. 2023-இல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு மனு வாங்கியபோது, கார்டில் ஆண் தலைவராக இருந்தால் அவர் மனைவி குடும்பத் தலைவியாகக் கருதப்படுவார் என்று விதி வைத்திருந்தார்கள். 'கருதப்படுவார்' என்ற சொல்லை நான் இரண்டு முறை படித்தேன். தலைவி என்று கருதப்படுவதற்கும் தலைவர் கணவராக இருக்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் பெண்களின் ஊதியமில்லாத உழைப்புக்கான அங்கீகாரம் என்று அரசே சொல்லி, அம்மாவின் வங்கிக் கணக்கில் நேராகப் போட்ட முதல் பணம் அது என்பதால் நான் அதிகம் குறை சொல்ல மாட்டேன்.

அந்தச் செப்டம்பரில் பணம் ஏறியதாகக் குறுஞ்செய்தி வந்தது. தம்பி மனைவி அதைப் படித்துவிட்டு, "அத்தை, ஆயிரம் ரூபா வந்துகீது" என்றாள். அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆயிரமா?" என்று கேட்டுவிட்டு, கையை நிறுத்தாமலே சொன்னாள்: "நாப்பது கட்டு."