நாலு நடை, ரெண்டு மனு, ஒரு மஞ்சள் விளக்கு

மெயின் ரோட்டில் பாலம் வேலை நடந்தபோது வண்டிகளை எங்கள் குடியிருப்புக்குள் திருப்பிவிட்டார்கள். அப்போது நட்ட சிக்னல். பாலம் திறந்தாயிற்று, கூட்டமும் போய்விட்டது. விளக்கு மட்டும் அதே 120 நொடிச் சுற்றில், நாலு பக்கத்துக்கும் தலா 30 நொடி. மாட்டினால் 90 நொடி. ராத்திரி பதினொரு மணிக்கு எதிரே ஒரு நாய்கூட இல்லாமல் நின்று பாருங்கள், அது எவ்வளவு நேரம் என்று தெரியும்.

நின்றால் பின்னால் வருகிறவர் ஹார்ன் அடித்து, "ஏரியாவுக்குப் புதுசா சார்?" என்று கேட்டுவிட்டுப் போவார். தாண்டினாலோ, மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்கு அப்புறம் அது 184-ஆம் பிரிவில் ஆபத்தாக ஓட்டிய கணக்கு. அபராதமே ஆயிரத்தில்தான் ஆரம்பம்.

முதல் நடை வார்டு ஆபீஸ். "ரோடுதான் எங்களுது, லைட்டு போலீசோடது." அடுத்து ஸ்டேஷன். அது சட்டம் ஒழுங்காம், டிராஃபிக் வேறு கட்டடம். அங்கே போனால் ஐயா பந்தோபஸ்துக்குப் போயிருந்தார். எழுத்தரிடம் மனுவைக் கொடுத்துவிட்டு வந்தேன். நகலில் சீல் வாங்காதது என் முட்டாள்தனம். மூன்று வாரம் கழித்துப் போய்க் கேட்டால், "எந்த மனு சார்?" தயவுசெய்து தபால் பிரிவில் சீலும் தேதியும் வாங்காமல் படி இறங்காதீர்கள்.

சரி என்று தகவல் உரிமைச் சட்டத்தில் இறங்கினேன். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, "இந்த விளக்கை ஏன் இன்னும் இப்படி ஓட்டுகிறீர்கள்?" என்று ஆவேசமாக எழுதினேன். கெடு 30 நாள். 29-ஆம் நாள் பதில் வந்தது. காரணம் கேட்பது 'தகவல்' என்ற வரையறைக்குள் வராதாம். சட்டப்படி அவர்கள் சொன்னது சரி என்பதுதான் இன்னும் எரிச்சல். கேள்வி கேட்கக்கூடாது, காகிதம் கேட்க வேண்டும். இரண்டாவது மனுவில் கேட்டது இரண்டே நகல்: நேர ஒதுக்கீட்டுத் தாள், கடைசியாக எடுத்த வாகனக் கணக்கெடுப்பு.

கூடவே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நானே எண்ணினேன். பத்திலிருந்து பதினொன்று வரை ஐம்பது வண்டிகூடத் தேறவில்லை. சிக்னல் வைக்கக் குறைந்தபட்சம் எவ்வளவு போக்குவரத்து வேண்டும் என்று இந்திய சாலைப் பேரவையின் ஐ.ஆர்.சி. 93 வழிகாட்டி 1985-லேயே சொல்லியிருக்கிறது. அதைக் குறிப்பிட்டு, என் கணக்கையும் இணைத்து, டிராஃபிக் ஆபீசில் புது மனு கொடுத்தேன். சீலோடு.

பத்தே நாளில் ஒருவர் ஏணியோடு வந்து பெட்டியைத் திறந்தார். "டைமிங் மாத்த பத்து நிமிஷ வேலை சார்." இப்போது ராத்திரி 10 முதல் காலை 6 வரை மஞ்சள் சிமிட்டுகிறது, வேகத்தைக் குறைத்து, பார்த்துப் போய்க்கொள்ளலாம். பகலில் பழைய 90 நொடிதான்.

அந்த இரண்டாவது தகவல் மனுவுக்கும் அப்புறம் பதில் வந்தது: "கணக்கெடுப்பு ஆவணம் ஏதும் கோப்பில் இல்லை." பகல் நேரத்துக்கான மனுவில் முதல் இணைப்பே அந்தக் கடிதம்தான்.