வாங்க ஆளில்லாத சரக்கு

காவேரிப்பட்டணம் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் பெங்களூரா மாந்தோப்பு. போன சீசனில் அப்பா கொடுத்த 20,000 ரூபாயில்தான் என் ஷேர் மார்க்கெட் ஆரம்பம். ஆதார், பான் கார்டு, ஒரு செல்ஃபி. ஓசூர் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே பங்குகளை வைத்திருக்கும் டீமேட் கணக்குக்கு எல்லாம் கொடுத்து முடித்துவிட்டேன்.

டெலிகிராம் குரூப் ஒன்றில் ஒரு பங்கைக் காட்டி 'அடுத்த மல்டிபேகர்' என்றார்கள், பல மடங்கு ஏறுமாம். கம்பெனி என்ன தொழில் செய்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை. 18 ரூபாய்க்கு 1,000 பங்கு. அடுத்தடுத்து இரண்டு நாள் 5 சதவீத அப்பர் சர்க்யூட், அதாவது ஒரே நாளில் ஏற அனுமதித்த உச்ச வரம்பு. விலை 19.80 தாண்டியது. டீக்கடையில் எல்லோருக்கும் நான்தான் காசு கொடுத்தேன்.

மூன்றாம் நாள் காலை 9:15. லோயர் சர்க்யூட், ஒரே நாளில் இறங்க அனுமதித்த கடைசி வரம்பு. விற்கிற பக்கம் லட்சக்கணக்கில் பங்குகள் வரிசை கட்டி நிற்கின்றன, வாங்குகிற பக்கம் பூஜ்ஜியம். இந்த விலைக்கு இறங்கினால் விற்றுவிடு என்று ஸ்டாப்லாஸ் போட்டிருந்தேன். எதிரே ஆள் இருந்தால்தானே அது விற்கும்? தினமும் இதே கதை. ஒன்பதாவது லோயர் சர்க்யூட்டில் ஒருவழியாக விற்றபோது விலை 12.50 பக்கம். 5,500 ரூபாய் போச்சு.

அப்பாவிடம் சொன்னேன். "மண்டியில வரத்து கூடிட்டா லோடைக் கேட்க நாதி இருக்காதே, அந்த மாதிரியா?" என்றார். அதேதான்.

விட்டதை ஆப்ஷனில், அதாவது பங்கின் வருங்கால விலையை வைத்துப் போடும் ஒப்பந்தங்களில், மீட்டுவிடலாம் என்றது குரூப். நல்லவேளை, 2024-ல் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி வெளியிட்ட ஆய்வைப் படித்திருந்தேன்: மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் (ஃபியூச்சர், ஆப்ஷன் வியாபாரம்) இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மிச்சப் பணம் இப்போது 50 பெரிய கம்பெனிகளில் பிரித்துப் போடும் நிஃப்டி இடிஎஃப்-ல் கிடக்கிறது. மாசம் ஒரு தடவைதான் ஆப்பைத் திறக்கிறேன். சரி, இரண்டு தடவை.