47 தேதிகள்

என் அப்பா தறி நெய்தவர். வீரவநல்லூர் வீட்டில் முன்கட்டில்தான் தறிக்குழி. 21 நாளுக்கு ஒருமுறை அந்தத் தறி ஓடாது. அன்று அப்பா விடியும் முன்பே எழுந்து, என்னையும் எழுப்பி, பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார். சேரன்மகாதேவி தாண்டி, பத்தமடை தாண்டிப் போகும் அந்த பஸ்ஸில் எனக்கு எப்போதும் ஜன்னலோர இடம். வரும்போது உட்கார முடியாது, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வருவேன். பெனிசிலின் ஊசி போட்டவர்களுக்குத் தெரியும். பால் மாதிரி கெட்டியான மருந்து. ஊசி நடுவில் அடைத்துக்கொண்டால் மறுபடி குத்துவார்கள். இடுப்பில் அந்த இடம் இரண்டு நாளைக்குக் கல் மாதிரி இருக்கும்.

அது 1996. எனக்குப் பத்து வயது. தொண்டை வலி வந்து தானாகவே போனது, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு முழங்கால் வீங்கியது. அது வற்றும்போது கணுக்கால், அப்புறம் மணிக்கட்டு. பாட்டி வாயு என்று சொல்லி எண்ணெய் தேய்த்தாள். ஆஸ்பத்திரியில் ஸ்டெதஸ்கோப் வைத்த டாக்டர் மூட்டை விட்டுவிட்டு நெஞ்சையே ரொம்ப நேரம் கேட்டார். ருமாட்டிக் காய்ச்சல், இதயத்தின் மைட்ரல் வால்வைத் தொட்டுவிட்டது என்றார். தொண்டையில் வந்த கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பு, தன் இதயத்தையே எதிரியாக நினைத்துத் தாக்குவதுதான் இந்த நோய். மூட்டை நக்கிவிட்டு இதயத்தைக் கடிக்கும் என்று டாக்டர்கள் சொல்வார்களாம். ஒவ்வொரு முறை அந்தத் தொண்டைத் தொற்று வரும்போதும் இன்னொரு கடி விழலாம். அது வராமல் இருக்கத்தான் 21 நாளுக்கு ஒரு ஊசி, 12 லட்சம் யூனிட், வருடக்கணக்கில்.

அப்பா ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினார். ஒவ்வொரு வரியிலும் ஒரு தேதி, பக்கத்தில் 'வ' அல்லது 'இ'. போன தடவை வலது பக்கம் போட்டால் இந்தத் தடவை இடது. நான் பிளஸ் டூ முடிக்கும்வரை அந்த நோட்டில் ஒரு வரி விட்டுப்போகவில்லை. மழைக்காலத்தில் தாமிரபரணி பெருகி பஸ் நின்ற நாள்கூட ஒன்று உண்டு. மறுநாளே போய்ப் போட்டுவிட்டு, தேதியைத் திருத்தி எழுதியிருக்கிறார்.

2004இல் கோயம்புத்தூரில் கல்லூரி கிடைத்தது. அந்த நோட்டைப் பெட்டியில் வைத்து அனுப்பினார்.

முதல் ஊசியைக் கேட்டு ஹாஸ்டல் பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். பெனிசிலினா, ரியாக்‌ஷன் வந்தால் யார் பொறுப்பு என்று திருப்பி அனுப்பினார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. கையில் டெஸ்ட் டோஸ் போட்டு அரை மணி நேரம் பார்த்துத்தான் போடுவார்கள், அதற்கான ஏற்பாடு எல்லா இடத்திலும் இருக்காது. அடுத்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். போட்டுவிட்டார்கள். ஆனால் வகுப்பு போய்விட்டது, நொண்டி நொண்டி வந்ததைப் பார்த்து அறைத்தோழிகள் என்ன ஏது என்று கேட்டார்கள். ஊருக்குப் போனபோது அம்மா சொல்லி அனுப்பியதும் மனதில் இருந்தது: "ஏட்டி, ஊசி கீசின்னு யாருட்டயும் சொல்லிக்கிடாத. நாளைக்கு மாப்பிள்ளை பாக்கணும்." அப்புறம் இன்னொன்று, எல்லாவற்றையும்விடப் பெரியது. எனக்கு ஒன்றுமே செய்யவில்லை. மூச்சு வாங்கவில்லை, வலி இல்லை, மூன்று மாடி ஏறி இறங்கினேன். ஒன்றும் செய்யாத உடம்பில் எதற்கு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை இந்த வேதனை என்று தோன்றியது. 2004 ஆகஸ்டில் போட்டதோடு நிறுத்திவிட்டேன்.

நிறுத்தினேன் என்பதோடு முடிந்திருந்தால் இன்று இப்படி எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். பொங்கலுக்கு ஊருக்குப் போகும் முன், ராத்திரியில் அந்த நோட்டை எடுத்து 21 நாளாகக் கூட்டிக் கூட்டித் தேதிகளை எழுதினேன். ஒரே நாளில் எழுதியது தெரியக்கூடாது என்று நீலப் பேனா, கறுப்புப் பேனா, மறுபடி நீலம். பக்கத்தில் வ, இ, வ, இ. அப்பா நோட்டை வாங்கி, கண்ணாடி போட்டுப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். கல்லூரி முடியும்வரை அப்படி 47 வரிகள் எழுதியிருக்கிறேன். எண்ணியிருக்கிறேன், பல தடவை.

2006இல் தமிழ்நாடு முழுக்க சிக்குன்குனியா. ஹாஸ்டலில் பாதிப் பேர் மூட்டு வலியில் படுத்திருந்தார்கள். எனக்கும் காய்ச்சல், எனக்கும் மூட்டு வலி. நிலவேம்பு குடித்துவிட்டுப் படுத்துக் கிடந்தேன். சிக்குன்குனியாவாகவும் இருந்திருக்கலாம். ஆனால் என் வலி ஒரு மூட்டிலிருந்து இன்னொன்றுக்கு நகர்ந்தது. பத்து வயதில் பார்த்த அதே நகர்வு. எனக்கு அது தெரிந்தது. தெரிந்தும் யாரிடமும் சொல்லவில்லை. நோட்டில் அந்த வாரத்துக்கும் ஒரு தேதி இருக்கிறது, பக்கத்தில் 'வ'.

வேலை, 2011இல் கல்யாணம். "ஊசி போடுதியாம்மா?" என்று போனில் அப்பா கேட்பார். "போடுதேன்ப்பா." அவ்வளவுதான். நோட்டு ஊரில் அவருடைய டிரங்குப் பெட்டிக்குப் போய்விட்டது.

2013இல் கர்ப்பமானேன். ஐந்தாம் மாதம் முடியும்போது மல்லாந்து படுக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினேன். கர்ப்பத்தில் உடம்பில் ரத்தம் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு ஆகும். அத்தனை ரத்தமும் போக வேண்டிய வாசல் எனக்குத் தழும்பேறி ஒட்டிப் போயிருந்தது. மைட்ரல் வால்வு நன்றாகத் திறந்தால் 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் இருக்கும். எனக்கு 0.8. போக வழியில்லாமல் பின்னால் தேங்கியதெல்லாம் நுரையீரலில் நீராகக் கோத்துக்கொண்டது.

அப்பா ஊரிலிருந்து மஞ்சள் பையோடு வந்தார். டாக்டர் என் படுக்கை அருகே நின்று, சின்ன வயதில் ஊசி போட்டீர்களா, எப்போது நிறுத்தினீர்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா பையிலிருந்து அந்த நோட்டை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். "ஒண்ணு விடாம போட்டுருக்கோம் சார். காலேஜ்லயும் போட்டுருக்கா. தேதி எல்லாம் இருக்கு."

டாக்டர் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு நான் சொன்னேன், பின்பக்கத்தில் இருப்பதெல்லாம் பொய், நான்தான் எழுதினேன் என்று. என் கணவருக்கும் அப்போதுதான் எல்லாம் தெரிந்தது. அதைப் பற்றி அவர் சம்மதத்தோடு வேறொரு நாள் எழுதுகிறேன்.

அப்பா நோட்டை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். டாக்டர் போன பிறகும் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு என் காலைத் தொட்டபடி கேட்டார்: "அம்புட்டு வலிச்சுதாம்மா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

வயிற்றை ஈய உடுப்பால் மூடிவிட்டு, தொடை இடுக்கு வழியாகக் குழாய் செலுத்தி, பலூனால் வால்வை விரித்தார்கள். 1.6 ஆனது. அன்று ராத்திரி மல்லாந்து படுத்தேன். மகள் நல்லபடியாகப் பிறந்தாள். 2018இல் அப்பா போனார். 2021இல் வால்வு மறுபடி சுருங்கி, கூடவே கசிவும் சேர்ந்து, நெஞ்சைத் திறந்து செயற்கை வால்வு வைத்தார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இல்லாவிட்டால் எங்களால் முடிந்திருக்காது. இப்போது ராத்திரி அமைதியில் என் நெஞ்சுக்குள் கடிகாரம் மாதிரி டிக் டிக் என்று கேட்கும். ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் மாத்திரை. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவு 2.5க்கும் 3.5க்கும் நடுவில் நிற்க வேண்டும். கீரை அந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும் என்பதால், முருங்கைக்கீரையை ஒரு வாரம் அள்ளிச் சாப்பிட்டு அடுத்த வாரம் விட்டுவிடக் கூடாது, அளவு ஒரே மாதிரி இருக்க வேண்டும். பெனிசிலினை எனக்கு மாத்திரையாக மாற்றிவிட்டார்கள், ஊசி குத்தினால் ரத்தம் கட்டிவிடும் என்பதால். எந்த ஊசிக்குப் பயந்து ஓடினேனோ, அது இனி எனக்குக் கிடையாது.

ஆபரேஷன் முடிந்த வருடம் நான் கணக்குப் போட்டே நாளைக் கழித்தேன். 2004இலிருந்து 2013 வரை ஒன்பது வருடம், வருடத்துக்கு 17 ஊசி, மொத்தம் 150க்கு மேல். ஒவ்வொன்றுக்கும் அரை நாள் என்றாலும் எத்தனை நாள்? மூன்று மாதம்கூட ஆகாது. அந்த மூன்று மாதத்தைக் கொடுக்க மறுத்ததற்கு நெஞ்சைப் பிளந்தார்கள் என்று ராத்திரியெல்லாம் ஓடும். "உன் தலையில எழுதியிருக்கு, நீ என்ன பண்ணுவ" என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் அதைக் கேட்டால் எனக்கு இன்னும் மூச்சு முட்டும். எழுதியது நான். நீலப் பேனாவிலும் கறுப்புப் பேனாவிலும்.

ஒரு செக்கப்பில் டாக்டரிடம் நேராகக் கேட்டேன். ஊசி போட்டிருந்தால் இது வந்திருக்காதா? அவர் அவசரப்படாமல் பதில் சொன்னார். 1996இலேயே வால்வில் காயம் இருந்தது. 2006 காய்ச்சல் இரண்டாவது தாக்குதலாக இருந்திருக்கலாம், அப்போது யாரும் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்துப் பார்க்கவில்லை. ஊசி போட்டிருந்தால் தள்ளிப்போயிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஆனால் இவ்வளவு உன்னால், இவ்வளவு நோயால் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஒரு எண் கிடைத்தால் அதைச் சுமந்துகொண்டு போகலாம் என்று நினைத்திருந்தேன். நூற்றுக்கு எண்பது என் தப்பு என்றால்கூடச் சரி. கிடைக்காது என்று புரிய மாதங்கள் ஆனது. புரிந்த பிறகு மெதுவாக ஒன்று நடந்தது. ஊசியை விட்ட அந்தப் பதினெட்டு வயதுப் பெண்ணிடம் என்னால் கொஞ்சம் பேச முடிந்தது. வெட்கப்பட்டாள், பயந்தாள், உடம்பு நன்றாக இருந்தது, யாரும் கூட வரவில்லை. அவளை நான் மன்னித்துவிட்டேன் என்றே நினைக்கிறேன். பொய் எழுதியவளிடம் இன்னும் பேச முடியவில்லை. ஏனென்றால் ஊசியை விட்டிருக்கிறேன் என்று ஒரு வார்த்தை அப்பாவிடம் சொல்லியிருந்தால், தறியை நிறுத்திவிட்டு அந்த மனுஷன் மறுநாளே கோயம்புத்தூருக்கு பஸ் ஏறியிருப்பார். உதவிக்கு ஆள் இருந்தும் அந்தக் கதவை உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டது நான். மருந்தை விட்டது ஒரு துக்கம், இது வேறு துக்கம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருந்தவரை ஒரு அடிகூட நகர முடியவில்லை.

நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. 47 வரிகளையும் அடிக்கவில்லை, கிழிக்கவில்லை. அவற்றுக்குக் கீழே, மிச்சமிருந்த பக்கங்களில் என் ஐஎன்ஆர் அளவுகளை எழுதி வருகிறேன். 1.9 வந்த நாளும் இருக்கிறது, 4.2 வந்த நாளும் இருக்கிறது. மாத்திரை மறந்த நாளில் 'மறந்தேன்' என்று எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு இதே நோய். என் நெஞ்சுத் தழும்பு சேலைக்கு மேலே எட்டிப் பார்ப்பதைக் கண்டு அவள் அம்மா தயங்கித் தயங்கி விசாரித்தார், அப்படித்தான் தெரிந்தது. இரண்டு வருடம் அவளோடு ஊசிக்குப் போனேன். வந்ததும் வெந்நீர் ஒத்தடம். கல்யாணப் பேச்சுக் கவலை அவள் அம்மாவுக்கும் இருந்தது. என் கதையை ஒன்று விடாமல் அவரிடம் சொன்னேன். போன வருடம் அவள் மதுரைக்குக் கல்லூரி போனாள். கிளம்பும் முன் அங்கே எங்கே ஊசி போடுவார்கள் என்று நேரில் போய் விசாரித்து வைத்தோம். அவளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டேன்: "போடலைன்னா போடலைன்னு சொல்லு. நான் திட்ட மாட்டேன். போட்டுட்டேன்னு மட்டும் சொல்லிராத."

போன மாதம் ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு அவளிடமிருந்து மெசேஜ். "அத்தை, போன செவ்வாய் போடல. பரீட்சைன்னு விட்டுட்டேன்."

உடனே கூப்பிட்டேன். குரல் நடுங்கியது. எனக்கும்தான். தொண்டை வலி இருக்கிறதா, காய்ச்சல் உண்டா என்று கேட்டேன். இல்லை என்றாள். நாளைக்குக் காலையில் போகலாமா, நான் பஸ் ஏறி வரவா என்றேன். வேண்டாம், தோழி கூட வருகிறாள் என்றாள். அவளிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்டேன். சொல்லிவிட்டேன் அத்தை என்றாள்.

மறுநாள் பதினொரு மணிக்கு ஒரு போட்டோ வந்தது. அவளுடைய நோட்டு. தேதி, பக்கத்தில் 'இ', அதற்கும் பக்கத்தில் சின்ன எழுத்தில்: 8 நாள் தாமதம்.