விளக்கு தெரியட்டும், வயர் தெரிய வேண்டாம்

2025 ஜனவரி 3, வெள்ளி

வெள்ளம் வடிந்து ஒரு மாதம் ஆன பிறகு, இன்றுதான் அண்ணனின் சைக்கிளைப் பின்கட்டிலிருந்து முற்றத்துக்குக் கொண்டுவந்தேன். ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு கடலூரில் தென்பெண்ணை பெருகி வந்தபோது, அது அச்சு மூழ்க இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. சீட்டுக் கம்பியை உருவிவிட்டுத் தலைகீழாகக் கவிழ்த்ததும், ஃபிரேமின் உள்ளிருந்து செங்காவி நிறத்தில் ஒரு டம்ளர் அளவு தண்ணீர் வந்தது. முன்விளக்கும் பின்விளக்கும் எரியவில்லை. முன்சக்கரத்தைக் கையால் சுழற்றி, சக்கரத்தின் நடு அச்சிலேயே இருந்து மின்சாரம் தரும் ஹப் டைனமோவின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன், எண்கள் ஏறின. டைனமோவுக்கு ஒன்றும் ஆகவில்லை, பழுது வயரில்தான்.

ஆஸ்பத்திரியில் அண்ணனோடு இருக்கும் அண்ணியிடமிருந்து செய்தி இல்லை.

ஜனவரி 4, சனி

பழைய வயரில் களிம்பு முனையில் மட்டும்தான் இருக்கும் என்று நினைத்து ஒரு விரற்கடை வெட்டினேன். உள்ளே செம்பு கறுத்திருந்தது. ஒரு சாண் தள்ளி வெட்டினேன், அங்கும் கறுப்பு. பல இழைகளை முறுக்கிச் செய்த வயர், அகல் திரி எண்ணெயை இழுப்பதுபோல் நீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. மேலே உள்ள பிளாஸ்டிக் உறையோ புதிதுபோலவே பளபளக்கிறது. கடைசியில் முழு வயரையும் கழற்றிவிட்டேன். வெள்ளீயம் பூசிய செம்பு இழை உள்ள இரட்டை வயர்தான் இந்த உப்புக் காற்றுக்குத் தாங்கும். அதைத் தேடி வாங்க வேண்டும்.

ஜனவரி 6, திங்கள்

வயர் கிடைத்தது. எந்த வழியாகக் கொண்டுபோவது என்பதை நாள் முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் பள்ளிக்கூட நாட்களில் ஓட்டிய சைக்கிளில் டயரோடு உரசி ஓடும் டைனமோ இருந்தது. அதற்கு ஒற்றை வயர் போதும். மின்சாரம் திரும்பி வரும் வழியாக ஃபிரேமே இருந்தது. பெயிண்ட்டைத் துளைத்துப் பிடித்திருந்த ஒரு திருகாணி துருப்பிடித்தால் விளக்கு அணைந்துவிடும். அதற்காக எத்தனையோ இரவுகள் மஞ்சக்குப்பம் மைதானத்தின் ஓரத்தில் நின்று அந்தத் திருகாணியைச் சுரண்டியிருக்கிறோம். ஆகவே இந்த முறை போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று என இரண்டு வயர்கள்தான், ஃபிரேமை நம்பப்போவதில்லை.

வயரின் பருமனைப் பற்றியும் கவலைப்பட வேண்டியதில்லை. ஹப் டைனமோ தருவது 6 வோல்ட், 3 வாட். அதாவது அரை ஆம்பியர். அரைச் சதுர மில்லிமீட்டர் வயரில், பின்விளக்குவரை இரண்டு மீட்டர் போய் இரண்டு மீட்டர் திரும்பினாலும், அந்த அரை ஆம்பியர் முழுவதும் பாய்ந்தாலும், இழப்பு ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்குகூட வராது. மெல்லிய வயரே போதும் என்பதால் ஒளிப்பதும் எளிது.

பின்விளக்குக்குப் போகும் வழிதான் சிக்கல். கீழ்க் குழாயின் அடியில் கொண்டுபோனால் யார் கண்ணுக்கும் தெரியாது; ஆனால் பெடல் அச்சுக்குக் கீழே கியர் கேபிள்கள் ஓடும் இடத்தில் அது உரசும், சேறு முழுவதும் அங்கேதான் படியும், வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவதும் அந்த இடம்தான். மட்கார்டின் மடித்த விளிம்புக்குள் செருகலாம் என்றால், பழைய வயர் அங்கேதான் இருந்தது, அங்கேதான் கறுத்தது. மேல் குழாயின் அடியில் பின் பிரேக் கேபிள் முழு உறையோடு ஓடுகிறது. அதன் நிழலில், அதே கறுப்பு நிறத்தில், அதை ஒட்டியே வயர் போனால், பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒரே கேபிளாகத் தெரியும். இதுதான் சரி என்று இரவு படுக்கும்போது தோன்றியது.

ஜனவரி 8, புதன்

அண்ணனின் பரிசோதனை அறிக்கை வெள்ளிக்கிழமை வருமாம்.

ஜனவரி 10, வெள்ளி

வைகுண்ட ஏகாதசி. திருவந்திபுரம் போகிறவர்களின் கூட்டத்தில் பேருந்து கிடைக்கத் தாமதமாகி, புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பார்வையாளர் நேரம் முடிய இருபது நிமிடமே இருந்தது. அண்ணன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. வயரை எந்த வழியாக விடுகிறாய் என்றுதான் கேட்டார். சொன்னேன். கீழ்க் குழாயில் இரண்டு துளை போட்டு உள்ளேயே விட்டுவிடு, விளக்குதான் தெரிய வேண்டும், வயர் தெரியக் கூடாது என்றார்.

துளை போட எனக்கு மனம் வரவில்லை. இரும்புக் குழாயில் துளை போட்ட இடத்தில் துரு தொடங்கும். கேரியரில் சுமை ஏற்றிக் குலுங்கிப் போகும் வண்டியில் விரிசலும் அங்கிருந்தே தொடங்கலாம். அதைவிடப் பெரிய காரணம், உள்ளே போன வயர் வேதாரண்யம் சாலையில் எங்காவது இருட்டில் அறுந்தால், கையும் டார்ச்சும் மட்டும் வைத்துக்கொண்டு அதைச் சரிசெய்ய முடியாது. மறைத்து வைப்பது வேறு, புதைத்து வைப்பது வேறு. அவரிடம் இதைச் சொல்லவில்லை. பார்க்கிறேன் அண்ணா என்று மட்டும் சொன்னேன்.

அறிக்கை வரவில்லை. நோய் எதுவரை போயிருக்கிறது என்பது அதில்தான் தெரியுமாம்.

ஜனவரி 13, திங்கள்

போகி. பழைய வயரை நெருப்பில் போடலாமா என்று மகன் கேட்டான், வேண்டாம் என்றேன். இன்னும் ஒரு முறை நடுவில் வெட்டிப் பார்த்தேன். அங்கும் கறுப்புதான்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல் வைத்தோம்.

ஜனவரி 15, புதன்

விடுமுறை என்பதால் காலையிலிருந்து மாலைவரை வண்டியோடு இருந்தேன். இந்த மாதத்தில் மனம் அமைதியாக இருந்த ஒரே நாள் இதுதான்.

ஹப்பிலிருந்து வரும் வயரை, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் பின்புறமாக ஏற்றினேன். முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது, பக்கத்தில் உரசும் முள்செடியிலும் சிக்காது. இணைப்புக்கு அருகில் வயர் நேராக இறங்கி உள்ளே நுழைந்தால் மழைநீர் அதைப் பிடித்துக்கொண்டே உள்ளே போய்விடும் என்பதால், இணைப்புக்குக் கீழே ஒரு விரல் அளவு தொங்கவிட்டு, பிறகு மேலே ஏற்றிச் செருகினேன். நீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். முனைகளில் வாஸலின் தடவினேன்.

வயரை இறுக்கிக் கட்டும் பிளாஸ்டிக் டேக் எதையும் பயன்படுத்தவில்லை. வெட்டிய நுனி கையைக் கிழிக்கும், வெயிலில் ஓராண்டில் நொறுங்கும், கண்ணையும் உறுத்தும். துறைமுகத்துக்குப் போய் வலை பின்னும் கறுப்பு நைலான் நூல் ஒரு கண்டு வாங்கி வந்திருந்தேன். நூலின் ஒரு முனையை மடித்துக் கேபிளின்மேல் படுக்க வைத்து, அதன்மேல் இடைவெளி இல்லாமல் எட்டுச் சுற்று சுற்றி, மீந்த முனையை மடிப்பின் கண்ணில் கோத்து, மறுமுனையைப் பிடித்து இழுத்தால், முடிச்சு சுற்றுகளுக்கு அடியில் போய் மறைந்துவிடுகிறது. நுனியை ஒட்ட நறுக்கினால் கட்டிய தடமே தெரிவதில்லை. ஒரு சாணுக்கு ஒரு கட்டு. முதல் கட்டுக்குக் கால் மணி நேரம் ஆனது. ஏழாவது கட்டு இரண்டு நிமிடத்தில் முடிந்தது. பிளேடால் அறுத்தால் எந்தக் கட்டும் ஒரு நொடியில் விட்டுவிடும். அண்ணனுக்கு என் பதில் அதுதான்.

ஜனவரி 18, சனி

ஆற்றுத் திருவிழா. தென்பெண்ணைக் கரையில் சாமிகள் வந்து இறங்கிக் கூட்டம் கலைந்த பிறகு, இரவு எட்டு மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு தேவனாம்பட்டினம் வரை போனேன். மகன் பின்னால் வந்தான். முன்விளக்கு அருமையாக எரிந்தது. கடற்கரையில் நிறுத்திய பிறகும் மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் அதன் கெபாசிட்டரின் தயவில் சில நிமிடங்கள் மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. பின்விளக்குதான் அணைந்திருந்தது. வழி முழுவதும் எரிந்தது அப்பா, கடைசித் திருப்பத்துக்குப் பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக மங்கியது என்றான் மகன்.

அதற்கும் கெபாசிட்டர் இருப்பதால், வயர் எப்போது விட்டது என்பதை விளக்கு உடனே காட்டிக்கொடுக்கவில்லை. உள்ளே அறுந்த பிறகும் வெளியே எரிந்துகொண்டிருந்திருக்கிறது. இன்று இரவு தூக்கம் வரும் என்று தோன்றவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன். முன்விளக்கு ஃபோர்க்கோடு சேர்ந்து திரும்புகிறது, மேல் குழாய் திரும்புவதில்லை. இரண்டுக்கும் நடுவில் வயரைத் தாண்டவிடும் இடத்தில், அழகாக இருக்க வேண்டும் என்று விறைப்பாகக் கட்டியிருந்தேன். ஹேண்டில் பாரை இடப்பக்கம் முழுவதும் ஒடித்தபோது இழுபட்டு, ஈயப்பற்று வைத்த இடத்திலேயே அறுந்திருக்கிறது. இப்போது நான்கு விரற்கடை கூடுதலாகத் தளர்த்தி, பிரேக் கேபிளின் வளைவோடு சேர்ந்து வளையும்படி விட்டிருக்கிறேன். இரு பக்கமும் ஐம்பது முறை திருப்பிப் பார்த்தேன். வயர் அந்த ஒரு இடத்தில் மட்டும் கொஞ்சம் தெரிகிறது. அண்ணன் கண்டுபிடித்துவிடுவார்.

ஜனவரி 20, திங்கள்

படம் எடுத்து அனுப்பினேன். அவர் இன்னும் பார்க்கவில்லை.

ஜனவரி 21, செவ்வாய்

அறிக்கை வந்துவிட்டதாம். போனில் சொல்ல வேண்டாம் என்றிருக்கிறார்கள். நாளை காலை ஆறு மணிக்கெல்லாம் நேரில் வரும்படி அண்ணி சொன்னார். பேருந்துக்குக் காத்திருக்க மாட்டேன், அண்ணன் வண்டியிலேயே போகிறேன். ஐந்து மணிக்கு இருட்டாகத்தான் இருக்கும். கேரியரின் கால் அருகே இரண்டு கட்டுகள் பாக்கி இருக்கின்றன.